தொகுதிக் கோடு நகரும்போது: நூறு கையெழுத்தா, வழக்கா, எம்.பி.யா, முகவரி மாற்றமா?

கோலாலம்பூரில் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களில் இருப்பவர்கள் கொஞ்ச நாளாக ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். தொகுதி எல்லையை மறுபடி வரையப் போகிறார்களாமே, நம் தாமானை (குடியிருப்புப் பகுதியை) இரண்டாகப் பிரித்துவிட்டால் யாரிடம் போவது? ஒருவர் வழக்குப் போடலாம் என்கிறார். இன்னொருவர் எம்.பி.யைப் பார்த்துப் பேசினால் போதும் என்கிறார். மூன்றாமவர், "ஒண்ணும் நடக்காது, விடுங்க" என்கிறார். மூன்றாமவர் சொல்வதில் பாதி உண்மை. அதனால்தான் எந்த வழியில் எவ்வளவு உழைப்பைப் போடுவது என்று முன்கூட்டியே கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஏன் இப்போது இந்தப் பேச்சு? தொகுதி எல்லை மறுசீரமைப்பு ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் குறைந்தது 8 ஆண்டுகள் போக வேண்டும் என்கிறது கூட்டரசு அரசியலமைப்பின் 113-ஆவது விதி. தீபகற்ப மலேசியாவில் கடைசி வரைபடம் மக்களவையில் நிறைவேறியது 2018 மார்ச் 28 அன்று. 2026 மார்ச்சோடு அந்த 8 ஆண்டுக் கணக்கு முடிகிறது. அதன் பிறகு தேர்தல் ஆணையம், அதாவது நாம் எல்லாரும் சொல்லும் எஸ்.பி.ஆர், எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். தொடங்கினால் 2 ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். இத்தனை ஆண்டுக்குள் தொடங்கியே ஆக வேண்டும் என்று மட்டும் எங்கேயும் இல்லை. ஆக, நேரம் பார்ப்பதே ஓர் அரசியல் ஆயுதம். 2018-இல் பார்த்தோமே: மக்களவை ஒப்புதல் கிடைத்துப் பத்தே நாளில் நாடாளுமன்றம் கலைந்தது, மே 9-இல் புதுக் கோட்டில் வாக்களித்தோம்.

கோடு எவ்வளவு வேலை செய்யும் என்பதற்கு நம் நாட்டு எண்களே போதும். 2013 பொதுத் தேர்தலில் எதிர்க்கட்சிக் கூட்டணியான பக்காத்தான் ராக்யாட் ஏறக்குறைய 51 விழுக்காடு வாக்குகள் வாங்கியும் 89 இடங்களோடு நின்றது. 47 விழுக்காட்டுக்குச் சற்று மேல் வாங்கிய ஆளும் கூட்டணி பாரிசான் 133 இடங்களில் வென்றது. அந்தத் தேர்தலில் காப்பாரில் 1 லட்சத்து 44 ஆயிரத்துக்கு மேல் வாக்காளர்கள், புத்ராஜெயாவில் 16 ஆயிரம்கூட இல்லை. 18 வயது வாக்குரிமையும் தானியங்கிப் பதிவும் வந்த பிறகு இடைவெளி இன்னும் பெரிதாகிவிட்டது. 2022-இல் சிலாங்கூரின் பாங்கியில் 3 லட்சத்து 3 ஆயிரம் பேர், சரவாக்கின் இகானில் 28 ஆயிரம் பேர். இரண்டுக்கும் ஆளுக்கு ஒரு எம்.பி. தான்.

இதில் இரண்டு விதமான வேலை உண்டு, குழப்பிக்கொள்ளக் கூடாது. தொகுதிகளின் அளவு ஏற்றத்தாழ்வு ஒன்று. அளவை அப்படியே வைத்துக்கொண்டு, யார் எந்தப் பக்கம் என்று ஆட்களைப் பார்த்துக் கோட்டை வளைப்பது இன்னொன்று. 2016 வரைவில் புக்கிட் அமான் போலீஸ் தலைமையக வாக்காளர்களை லெம்பா பந்தாய்த் தொகுதிக்கு நகர்த்தியபோது எழுந்த கூச்சல் இரண்டாவது வகை. (அப்படி நகர்த்தியும் 2018-இல் லெம்பா பந்தாயில் அப்போது எதிர்க்கட்சியாக இருந்த பி.கே.ஆர்.தான் வென்றது. கோடு போடுகிறவர்களின் கணக்கும் சில நேரம் பிசகும்.) அளவு ஏற்றத்தாழ்வை ஒரு குடியிருப்புச் சங்கத்தால் அசைக்க முடியாது. கோடு எந்தத் தெருவழியாகப் போகிறது என்பதில் மட்டும் கொஞ்சம் கை வைக்கலாம்.

## எதை வைத்து அளப்பது

முதலில், காலம். எஸ்.பி.ஆரின் வரைவு மக்கள் பார்வைக்காகக் காட்சிக்கு வந்தால் ஆட்சேபம் தெரிவிக்க ஒரு மாதம்தான். அந்த ஒரு மாதத்துக்குள் நடக்கக்கூடிய வழியா என்று பார்க்க வேண்டும்.

அடுத்தது, உரிமை. கோபம் எல்லாருக்கும் இருக்கும், ஆனால் அந்தக் கதவைத் தட்டச் சட்டப்படி உங்களுக்கு இடம் உண்டா?

மூன்றாவது, கோடு உண்மையிலேயே நகர வாய்ப்பு எவ்வளவு. நான்காவது, தோற்றால் கையில் என்ன மிஞ்சும். இதை யாரும் யோசிப்பதில்லை, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. கடைசியாக, வெளியே தெரியாத செலவு. பணம் மட்டுமில்லை, சங்கத்துக்குள் கட்சிச் சண்டை வருவதும் செலவுதான்.

## வழி 1: நூறு வாக்காளர் ஆட்சேபம்

அரசியலமைப்பின் 13-ஆவது அட்டவணை மூன்று தரப்புக்கு ஆட்சேப உரிமை தருகிறது: மாநில அரசாங்கம், சம்பந்தப்பட்ட ஊராட்சி மன்றம், அந்தத் தொகுதியின் நடப்பு வாக்காளர் பட்டியலில் பெயருள்ள 100 பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர்கள். இவர்களில் யார் ஆட்சேபித்தாலும் எஸ்.பி.ஆர் உள்ளூர் விசாரணை நடத்தியாக வேண்டும். விசாரணைக்குப் பிறகு வரைவு மாறினால் மறுபடி ஒரு மாதம் காட்சிக்கு வரும், மறுபடி ஆட்சேபிக்கலாம். இரண்டு சுற்றுக்கு மேல் நடத்த வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை.

நூறு பேர் என்றால் சுலபம் என்று தோன்றும். ஓர் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் மேசை போட்டு உட்கார்ந்து பாருங்கள், அப்போது தெரியும். சனிக்கிழமை சாயங்காலம், லிப்ட் பக்கத்தில் மேசை. வருகிற பத்துப் பேரில் பலர் ஆர்வமாகப் பேனாவை வாங்குவார்கள். "அண்ணே, வோட்டு எங்க இருக்கு?" என்று கேட்டால் ஒருவர் சுங்கை சிப்புட் என்பார், அடுத்தவர் தெலுக் இந்தான், அந்த அக்கா சுங்கை பட்டாணி. இருபது வருடமாகச் செந்தூலில் குடியிருந்தாலும் வாக்கு இன்னும் ஊரில்தான் இருக்கும். அவர்கள் கையெழுத்துப் போட்டால் அது கணக்கில் வராது. மாறாக, இங்கே பட்டியலில் பெயருள்ள சிலர் ரவாங்கிலோ சிரம்பானிலோ குடியேறி எத்தனையோ காலம் ஆகியிருக்கும். கையெழுத்துப் போடத் தகுதி அவர்களுக்குத்தான், தேடிப் பிடிக்க வேண்டும்.

அப்புறம் பெயர்ப் பிரச்சினை. சுப்பிரமணியம் என்ற ஒரு பெயரை ரோமன் எழுத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று நம்மவர்களுக்குச் சொல்லவா வேண்டும். தாளில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் வேறு மாதிரி இருந்தால் அந்த வரிசை போச்சு. ஐ.சி. எண்ணைப் பார்த்தே நிரப்ப வேண்டும். எஸ்.பி.ஆரின் செமாக் தளத்தில் அந்த எண்ணைத் தட்டினால் நாடாளுமன்றத் தொகுதி, வாக்களிப்பு வட்டாரம், லோக்காலிட்டி எல்லாம் வரும். ஒவ்வொருவரையும் அங்கேயே மேசையில் வைத்துச் சரிபார்த்துவிட்டுக் கையெழுத்து வாங்குவதுதான் சரி. நூறு வேண்டுமென்றால் நூற்றைம்பது வாங்கி வையுங்கள். தொண்ணூற்றெட்டு செல்லும், மிச்சம் செல்லாது என்று ஆகிவிட்டால் இரண்டு கையெழுத்தில் எல்லாம் போய்விடும்.

இனி, என்ன எழுதுவது. பெரும்பாலான ஆட்சேபங்கள் இங்கேதான் சறுக்குகின்றன. "இது அநியாயம், இந்தக் கட்சிக்குச் சாதகம், நம் இன வாக்கைச் சிதறடிக்கிறார்கள்" என்று எழுதினால் மனசு ஆறும், வேறு பயன் இல்லை. நாடாளுமன்றத் தொகுதிகளில் இந்தியர் பெரும்பான்மையானது ஒன்றுகூடக் கிடையாது, அதனால் நம் வாக்கு சிதறுவது உண்மையிலேயே வலிக்கிற விஷயம்தான். ஆனால் விசாரணை அதிகாரி பார்ப்பது 13-ஆவது அட்டவணையில் உள்ள கோட்பாடுகளை. தொகுதிகள் மாநில எல்லையைத் தாண்டக் கூடாது. வாக்களிப்பு நிர்வாகத்துக்கு வசதி இருக்க வேண்டும். வாக்காளர் எண்ணிக்கை ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும், உட்புறப் பகுதிகளுக்கு மட்டும் சலுகை. எல்லை மாற்றத்தால் வரும் தொல்லைகளையும் உள்ளூர்ப் பிணைப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

நகர்ப்புறத் தாமான் ஒன்றுக்கு இதில் கை கொடுப்பது கடைசிக் கோட்பாடுதான். அதை எப்படிக் காட்டுவது? மூன்று புளோக் உள்ள ஒரு குடியிருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஏ, பி ஒரு தொகுதியில், சி வேறு தொகுதியில் போகிறது என்று வையுங்கள். மூன்றுக்கும் ஒரே நிர்வாகக் குழு, ஒரே பராமரிப்புக் கணக்கு, ஒரே மண்டபம். பிள்ளைகள் ஒரே தமிழ்ப்பள்ளிக்குப் போகிறார்கள். சி புளோக்காரர் லிப்ட் பழுதுக்கு மானியம் கேட்டு ஒரு எம்.பி.யிடமும், ஏ புளோக்காரர் அதே லிப்டுக்காக இன்னொரு எம்.பி.யிடமும் போக வேண்டியிருக்கும். இதை ஒரு பக்கத்தில், மலாய் மொழியில், தெருப் பெயர்களோடும் வாக்களிப்பு வட்டார எண்களோடும் எழுதிக் கொடுங்கள். கூடவே மாற்று யோசனையும் வேண்டும்: சி புளோக்கை இந்தப் பக்கம் சேர்த்தால் இந்தத் தொகுதியில் இத்தனை பேர், அந்தத் தொகுதியில் இத்தனை பேர், சமநிலை கெடாது என்று. கணக்கு இல்லாத ஆட்சேபத்தைக் கேட்டுவிட்டு நகர்வது அதிகாரிக்கு எளிது.

ஜெயிக்க வாய்ப்பு? பெரிய கோட்டுக்கு ஏறக்குறைய இல்லை. ஒரு வாக்களிப்பு வட்டாரத்தை இங்கே அங்கே நகர்த்துகிற அளவுக்கு உண்டு. ஆனால் தோற்றாலும் கையில் ஒரு பதிவு இருக்கும்: இன்ன தேதியில் இன்ன காரணம் சொல்லி ஆட்சேபித்தோம், இந்தப் பதில் வந்தது. அது இல்லாமல் வழக்கறிஞர் வீட்டுக்குப் போனாலும் எம்.பி. அலுவலகத்துக்குப் போனாலும் கையை வீசிக்கொண்டுதான் போக வேண்டும்.

மறைமுகச் செலவு ஒன்று சொல்லியாக வேண்டும். ஏதாவது கட்சிக் கிளை வந்து, "நாங்களே நூறு கையெழுத்து வாங்கித் தருகிறோம், நீங்கள் மேசையை மட்டும் போடுங்க" என்பார்கள். உதவிதான், ஆனால் ஆட்சேபத்தின் உள்ளடக்கம் அவர்கள் எழுதியதாக இருக்கும். சி புளோக் உங்களோடு சேர்வதைவிட அடுத்த தாமான் வெளியே போவது அவர்களுக்கு முக்கியமாக இருக்கலாம். தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

## வழி 2: நீதிமன்றம்

காசு இருந்தால் முதலில் இதுதான் தோன்றும். வரலாறோ சோர்வு தருகிறது.

2015-இல் சரவாக்கில் இருவர் வழக்குப் போட்டார்கள். எஸ்.பி.ஆரின் அறிவிப்பில் போதிய விவரம் இல்லை, எந்தத் தெரு எந்தத் தொகுதிக்குப் போகிறது என்று மக்கள் எப்படித் தெரிந்துகொள்வது என்பது வாதம். கூச்சிங் உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் சில மாதத்தில் அதைப் புரட்டிப் போட்டது. 2016-இல் சிலாங்கூர் மாநில அரசாங்கமே வழக்குத் தொடுத்தது. பட்டியலில் 1 லட்சத்து 36 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு முகவரியே சரியாக இல்லை, அப்படிப்பட்ட பட்டியலை வைத்து எப்படிக் கோடு போடலாம் என்று கேட்டது. 2017 டிசம்பரில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மலாக்கா வாக்காளர்களும் போய்ப் பார்த்தார்கள், நிற்கவில்லை.

காரணம் சட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. எஸ்.பி.ஆர் செய்வது பரிந்துரைதான், இறுதி முடிவு மக்களவையுடையது, பரிந்துரையை எப்படிச் சீராய்வு செய்வது என்று ஒரு பக்கம் அடைக்கிறது. மக்களவைக்குப் போய்விட்டால் 63-ஆவது விதிப்படி நாடாளுமன்ற நடவடிக்கையை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது என்று மறுபக்கம் அடைக்கிறது. இடையில் இருக்கிற சந்து மிகச் சின்னது. வாக்காளர் பட்டியலைப் பிடிக்கலாம் என்றால், அரசிதழில் வந்த பட்டியலே இறுதி என்று 1958 தேர்தல் சட்டத்தின் 9ஏ பிரிவு அந்தக் கதவையும் மூடுகிறது. நம் நாட்டில்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். கட்சி ஆதாயத்துக்காகக் கோடு வளைப்பது கூட்டரசு நீதிமன்றங்கள் தீர்க்கக்கூடிய விவகாரம் இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே 2019-இல் சொல்லிவிட்டது. அதன் பலனை 2025-இல் டெக்சஸ் காட்டியது: பத்தாண்டு நடுவிலேயே குடியரசுக் கட்சிக்கு ஐந்து இடம் வரை கூடுகிற மாதிரி வரைபடத்தை மாற்றினார்கள். பதிலுக்குக் கலிபோர்னியா மக்கள் வாக்கெடுப்பு நடத்தி ஜனநாயகக் கட்சிக்குச் சாதகமாக மாற்றிக்கொண்டது.

அப்படியானால் வழக்கால் ஒன்றுமே இல்லையா? ஒன்று உண்டு: காலம். சிலாங்கூர் வழக்கு ஓடிக்கொண்டிருந்ததால், 2017 மார்ச்சில் எஸ்.பி.ஆர் இரண்டாம் சுற்றுக் காட்சிப்படுத்தலை வைத்தபோது சிலாங்கூர் அதில் இல்லை. தேர்தல் நெருங்குகிற நேரத்தில் தாமதம் என்பது சில சமயம் வெற்றிக்குச் சமம், ஏனென்றால் உத்தரவு வருவதற்கு முன் நாடாளுமன்றம் கலைந்துவிட்டால் பழைய கோட்டில்தான் தேர்தல். ஆனால் இது மாநில அரசாங்கமோ பெரிய கட்சியோ ஆடக்கூடிய ஆட்டம். நீதிமன்றச் சீராய்வுக்கு முடிவு தெரிந்த 3 மாதத்துக்குள் மனு போட வேண்டும், முதலில் அனுமதி கட்டத்தையே தாண்ட வேண்டும், தோற்றால் எதிர்த்தரப்புச் செலவும் தலையில் விழலாம். குடியிருப்புச் சங்கக் கணக்கிலிருந்து பணம் எடுத்து இதைச் செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. லிப்ட் பழுதுபார்க்கக் கட்டிய பணம் அது.

## வழி 3: எம்.பி.யும் மக்களவையும்

வரைபடம் பிரதமர் கைக்குப் போனதும் அவர் அதை மக்களவையில் வைக்கிறார். அட்டவணையைக் கூர்ந்து படித்தால் ஒரு வரி கண்ணில் குத்தும்: எஸ்.பி.ஆர் பரிந்துரையை அவர் மாற்றங்களோடும் முன்வைக்கலாம். போட்டியில் நேரடியாக இருக்கிற கட்சித் தலைவர் ஒருவர் நடுவர் வரைந்த கோட்டைத் திருத்தலாம் என்று சட்டமே சொல்கிறது. மக்களவையில் மொத்த உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாத ஆதரவு, அதாவது 222-இல் 111 இருந்தால் போதும். 2018-இல் 129-க்கு 80 என்று நிறைவேறியது. இடங்களின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டுமென்றால் மட்டும் 46-ஆவது விதியைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு, 148 வேண்டும்.

அந்த 148-இல்தான் சாதாரண ஆளுக்கு ஒரு பிடி இருக்கிறது. எந்தக் கூட்டணியும் தனியாக எட்டுவது கடினமான எண் அது. இடம் கூட்ட ஆசைப்படுகிற அரசாங்கம் கூட்டாளிகளோடோ எதிர்த்தரப்போடோ பேரம் பேச வேண்டிவரும், பேரத்தில் நிபந்தனை வைக்கலாம். 1957 அரசியலமைப்பில் தொகுதி அளவு மாநிலச் சராசரியிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் விலகக் கூடாது என்று இருந்தது. 1962-இல் அது தளர்ந்தது, இறுதி அதிகாரமும் ஆணையத்திடமிருந்து நாடாளுமன்றத்துக்குப் போனது. 1973-இல் வரம்பையே எடுத்துவிட்டார்கள். அந்த வரம்பைத் திரும்பக் கொண்டுவா, அப்புறம் இடம் கூட்டலாம் என்று உங்கள் எம்.பி. கேட்க முடியும். தேர்தல் சீர்திருத்த இயக்கமான பெர்சே 2006-இலிருந்து கேட்கிற சீர்திருத்தங்களும் இந்தப் பக்கத்தில்தான் வருகின்றன.

ஆனால் உங்கள் தெருவுக்காக எம்.பி. போராடுவாரா என்றால், அவருக்கும் கோட்டில் சொந்த லாப நட்டம் உண்டு என்பதை மறக்க வேண்டாம். புது வரைபடத்தில் அவருடைய பெரும்பான்மை ஏறினால் அமைதியாக இருப்பார், அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி. கோட்டில் நட்டப்படுகிற எம்.பி.யிடம் போங்கள், பக்கத்துத் தொகுதிக்காரராக இருந்தாலும் பரவாயில்லை. அவருடைய அலுவலகம் நூறு கையெழுத்து மனுவின் நகலை ஆசையோடு வாங்கிக்கொள்ளும்.

## வழி 4: வாக்கையே மாற்றிக்கொள்வது

நாலாவது வழியில் வரைபடத்தை விட்டுவிட்டு உங்கள் முகவரியைப் பிடிக்கிறீர்கள். குடிமாறினால் 30 நாளுக்குள் அடையாள அட்டை முகவரியைத் தேசியப் பதிவு இலாகாவில் மாற்ற வேண்டும் என்பது எப்படியும் சட்டம். அது முடிந்ததும் ஏற்கெனவே வாக்காளராக இருப்பவர் எஸ்.பி.ஆரில் தொகுதி மாற்றத்துக்கு விண்ணப்பிக்கலாம், இணையத்திலும் முடியும். செலவு சொற்பம், வேலை ஒரு மதியம்.

இதில் இரண்டு வகை ஆட்கள் உண்டு. உண்மையாகவே இங்கே வாழ்ந்துகொண்டு வாக்கை ஊரில் வைத்திருப்பவர் ஒருவர். போட்டி கடுமையாக இருக்கிற தொகுதிக்கு, வாழாத முகவரியைக் காட்டி வாக்கை நகர்த்த நினைப்பவர் இன்னொருவர். இரண்டாமவர் செய்வது குற்றம். பட்டியலில் சந்தேக முகவரி இருந்தால் அதே தொகுதி வாக்காளர் ஆட்சேபிக்கலாம், ஒரு பெயருக்குப் பத்து ரிங்கிட் கட்டி, அதிகபட்சம் இருபது பெயர் வரை. கோட்டை வளைப்பதை எதிர்த்துப் பேசிக்கொண்டே ஆட்களை வளைப்பது எந்த ஊர் நியாயம்?

முதலாமவருக்கு யாரும் சொல்லாத செலவு ஒன்று இருக்கிறது. கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசம், சட்டமன்றம் கிடையாது. பேராக்கிலோ பினாங்கிலோ வாக்கு இருந்தால் நாடாளுமன்றத்துக்கு ஒன்று, சட்டமன்றத்துக்கு ஒன்று என்று இரண்டு சீட்டு. தலைநகருக்கு மாற்றினால் ஒன்றே ஒன்று. நிலம், கோயில் இடம், தோட்டத்து வீடு என்று மாநில அரசாங்கத்தோடு ஊரில் விவகாரம் வைத்திருக்கிறவர்கள் இதை நன்றாக யோசிக்க வேண்டும். இன்னொரு பக்கம், தேர்தல் புதன்கிழமை வைத்தாலும் ஊருக்குப் போகத்தான் வேண்டும், உள்நாட்டில் வேறு ஊரில் வேலை செய்கிற சாதாரண வாக்காளருக்கு அஞ்சல் வாக்கு கிடையாது. 2018-இல் பஸ் டிக்கெட் கிடைக்காமல் திண்டாடியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

## ஒரே பார்வையில்

| | நூறு பேர் ஆட்சேபம் | வழக்கு | எம்.பி., மக்களவை | முகவரி மாற்றம் |
|---|---|---|---|---|
| காலம் | காட்சிக்கு வந்த ஒரு மாதம் | மாதக் கணக்கு, சில சமயம் ஆண்டுக் கணக்கு | வரைபடம் மக்களவைக்கு வரும் முன் | எப்போதும், காட்சிக்கு முன் நல்லது |
| யாருக்கு இடம் | அந்தத் தொகுதிப் பட்டியலில் உள்ளவர்கள் மட்டும் | பாதிக்கப்பட்டதாகக் காட்ட முடிந்தவர் | யாரும் | உண்மையில் அங்கே வாழ்பவர் |
| செலவு | ஆள் உழைப்பு, நகல், போக்குவரத்து | பெரிய பணம், தோற்றால் மேலும் | நேரம், கட்சிச் சாயம் | சொற்பம், சட்டமன்ற வாக்கு போகலாம் |
| கோடு நகருமா | சிறு அளவில் | இதுவரை நிலைத்த வெற்றி இல்லை | பேரம் நடந்தால் | நகராது |
| தோற்றால் மிஞ்சுவது | எழுத்துப் பதிவு | தாமதம், செய்தி | ஒரு கடிதம் | உங்கள் வாக்கு |

## கோலாலம்பூரும் பினாங்கும் ஒன்றில்லை

ஆட்சேபிக்க உரிமையுள்ள மூன்று தரப்பைச் சொன்னேனே, அதைக் கோலாலம்பூருக்குப் பொருத்திப் பாருங்கள். மாநில அரசாங்கம் இல்லை. ஊராட்சி என்றால் மாநகர் மன்றம், அதன் தலைவர் டத்தோ பண்டார் கூட்டரசு நியமனம். கூட்டரசு அரசாங்கத்துக்குப் பிடித்த வரைபடத்தை அவர் எதிர்ப்பார் என்று காத்திருக்க முடியுமா? ஆக 11 தொகுதிகளில் வாழ்கிறவர்களுக்கு மிஞ்சுவது நூறு பேர் வழி மட்டும். செந்தூல்காரருக்கும் பங்சார்காரருக்கும் வேறு வாசல் கிடையாது.

பினாங்கில் அப்படியில்லை. மாநில அரசாங்கமும் தீவு, செபராங் பிறை இரண்டின் மாநகர் மன்றங்களும் ஆட்சேபிக்கலாம். மாநில அரசாங்கம் வழக்குக்கும் போகலாம், சிலாங்கூர் போன மாதிரி. அதனால் பினாங்குக்காரர்கள் தங்கள் நூறு கையெழுத்தைப் பெரிய கோட்டுக்குச் செலவழிக்காமல் மாநில அரசாங்கம் கவனிக்காத சின்ன இடங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். பார்க்க வேண்டியது 13 நாடாளுமன்றத் தொகுதி மட்டுமில்லை, 40 சட்டமன்றத் தொகுதியும் சேர்த்து. உதாரணத்துக்குப் பாகான் டாலாமிலிருந்து ஒரு வட்டாரத்தைப் பாகான் ஜெர்மாலுக்கு நகர்த்தினால் நாடாளுமன்றக் கணக்கில் ஒன்றும் மாறாது, இரண்டும் பாகானுக்குள்தான் இருக்கின்றன. சட்டமன்றக் கணக்கு மாறும். பத்து காவானுக்குள் இருக்கும் பிறையிலும் இதே கதை. பிறை சட்டமன்ற உறுப்பினராக இருந்த பி.ராமசாமி 2008 முதல் 2023 வரை மாநிலத்தின் துணை முதல்வராகவும் இருந்தார். இந்தியர் கணிசமாக உள்ள இந்தச் சின்னத் தொகுதிகளில் ஒரு வட்டாரம் போனாலும் வந்தாலும் யார் வேட்பாளர் என்கிற பேச்சே மாறிவிடும்.

## எதை எப்போது

நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்று சொன்னால் நான் நூறு பேர் ஆட்சேபத்தைச் சொல்வேன். ஆனால் அதற்கு முன்னால் நாலாவது வழி வேண்டும், இங்கேதான் பலர் வரிசையை மாற்றிப் போடுகிறார்கள். கையெழுத்துப் போடத் தகுதி நடப்புப் பட்டியலில் பெயர் இருப்பவருக்குத்தான். விண்ணப்பம் போய், துணைப் பட்டியல் காட்சிக்கு வந்து, அரசிதழில் ஏறுவதற்குள் அந்த ஒரு மாதம் ஓடிவிடும். வரைவு வந்த பிறகு வாக்கை மாற்றுவது திருவிழா முடிந்து தேர் இழுக்கப் போவது மாதிரி.

கோலாலம்பூரில் நிரந்தரமாகத் தங்கிவிட்டவர், ஊரில் பெற்றோரும் இல்லை, நிலமும் இல்லை என்றால் இப்போதே மாற்றிவிடுங்கள். இன்னும் ஐந்தாறு வருடத்தில் திரும்பிப் போகிற எண்ணம் இருந்தால் வாக்கை ஊரிலேயே வைத்திருங்கள். உங்கள் ஊர்க் கோடும் இதே நேரத்தில் வரையப்படும், அங்கே நூறு பேரில் ஒருவராக நீங்கள் தேவைப்படலாம். பாலாய் ராயாவில் (ஊர்ப் பொது மண்டபத்தில்) மேசை போட்டு உட்காரப்போகிற உங்கள் மாமாவிடம் எண்ணைக் கொடுத்து வையுங்கள்.

வழக்கை மாநில அரசாங்கத்துக்கும் கட்சிகளுக்கும் விட்டுவிடுங்கள், அவர்கள் போட்டால் உங்கள் ஆட்சேப ஆவணத்தைச் சாட்சியமாகக் கொடுக்கலாம். எம்.பி. கடிதத்தை விசாரணை முடிந்த மறுநாளே எழுதுங்கள், மக்களவை தேதி தெரியும்வரை காத்திருந்தால் 2018 மாதிரி ஒரே வாரத்தில் முடிந்துவிடும். 15-ஆவது நாடாளுமன்றம் 2022 டிசம்பர் 19-இல் கூடியது, முன்னதாகக் கலையாவிட்டால் 2027 டிசம்பரில் தானே கலையும், 60 நாளுக்குள் தேர்தல். புதுக் கோடு அதற்குள் வருமா பிறகு வருமா என்பது எஸ்.பி.ஆர் எந்த மாதம் தொடங்குகிறது என்பதைப் பொறுத்தது.

சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் செய்யக்கூடியது ஒன்று: ஒரு மடிக்கணினியைத் திறந்து வைத்து, வந்திருப்பவர்கள் எல்லாரும் தங்கள் ஐ.சி. எண்ணைச் செமாக் தளத்தில் தட்டட்டும். இந்தத் தொகுதி என்று எத்தனை பேருக்கு வருகிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அறுபதைத் தாண்டவில்லை என்றால் வரைபடத்தைப் பற்றிப் பேச இன்னும் நேரமாகவில்லை, தேசியப் பதிவு இலாகாவுக்கு எல்லாரும் சேர்ந்து போக ஒரு நாளைக் குறியுங்கள்.